நெல்லியடிச் சந்தைக்குப் போய் வருதல்

நினைவுக் குழு ஒன்றை நடத்தப் போகிறவர் முதலில் ஓர் ஆசையைக் கைவிட வேண்டும். பத்துக் கிழமை முடிந்ததும் வந்தவர்களின் ஞாபகசக்தி கூடியிருக்கும் என்ற ஆசை அது. பாரிசவாதமோ, மோட்டார் சைக்கிள் விபத்தோ, மூளைக்காய்ச்சலோ, யுத்த காலத்தில் தலைக்குள் போன செல் துண்டோ, காரணம் எதுவானாலும் முதல் மாதங்களில் மூளை தானாகவே ஓரளவு தேறும். அதற்குப் பிறகும் எஞ்சி நிற்கிற மறதியோடுதான் எங்களுக்கு வேலை. அந்த மறதி பயிற்சியால் கரைந்து போவதில்லை.

இங்கிலாந்தில் தலையில் அடிபட்ட 328 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. நாலு முதல் ஆறு பேர் கொண்ட குழுக்கள், கிழமைக்கு ஒரு தடவை, ஒன்றரை மணித்தியாலம், மொத்தம் பத்து அமர்வுகள். ஆறு மாதம் கழித்து அன்றாட மறதியைக் கேள்விக்கொத்தால் அளந்தார்கள். குழுவுக்கு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் பொருட்படுத்தக்கூடிய வித்தியாசம் இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தொடக்கத்தில் தனக்கென்று குறித்த இலக்கை எவ்வளவு எட்டினார் என்று பார்த்தபோது, குழுவுக்கு வந்தவர்கள் முன்னே நின்றார்கள். இதைப் படித்துவிட்டுக் குழுவே வீண் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இது எங்கே கைவைக்க வேண்டும் என்று காட்டுகிற முடிவாகத் தெரிகிறது. ஞாபகத்தை விடுங்கள், வேலையைப் பிடியுங்கள். நெல்லியடிச் சந்தைக்குத் தனியே போய், வாங்க வேண்டிய நாலு சாமானை வாங்கி, மிச்சக் காசோடு வீட்டுக்குத் திரும்புதல் என்பது ஓர் இலக்கு. "மறதி குறைய வேண்டும்" என்பது இலக்கு அல்ல.

எங்கள் வடமராட்சிப் பக்கத்தில் இதைச் சொல்லி ஏற்க வைப்பது கொஞ்சம் கடினம். நெல்லியடியிலிருந்து சில மைல் தள்ளி இருக்கிற புலோலியில் பிறந்தவர் சதாவதானி நா. கதிரைவேற்பிள்ளை. ஒரே நேரத்தில் நூறு விடயங்களில் கவனம் வைத்தவர், அகராதி தொகுத்தவர், திரு.வி.க.வுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். 1907இல் மறைந்தார். அப்படிப்பட்ட ஆட்களைக் கொண்டாடி, பரீட்சைப் புள்ளியை வைத்து ஆளை எடைபோட்டு வளர்ந்த சமூகம் இது. இங்கே மறதி ஒரு நோயின் குறி என்பதைவிட ஒரு மானக்கேடாகவே பார்க்கப்படுகிறது. அதனால்தான் வீட்டுக்காரர் வல்லாரையைத் தேடுகிறார்கள், குறுக்கெழுத்துப் போட்டியை வெட்டிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடட்டும். குறுக்கெழுத்துப் போட்டு வந்தால் குறுக்கெழுத்தில் கெட்டிக்காரராவார். காலைக் குளிசை போட்டாயிற்றா என்ற கேள்விக்கு இரண்டும் பதில் சொல்லாது.

யாரைச் சேர்ப்பது

குழுவில் சேர்க்குமுன் வைத்தியரின் கடிதம் கேளுங்கள். மறதிக்குப் பின்னால் திருத்தக்கூடிய காரணம் ஒளிந்திருக்கலாம்: விற்றமின் பீ12 குறைபாடு, தைரொயிட் குறைவு, நித்திரைக் குளிசை, குடி, மனச்சோர்வு. காது மந்தமானவரும் மறதிக்காரர் போலத்தான் தெரிவார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து சில கிழமை கழித்து ஒரு முதியவர் தடுமாறத் தொடங்கினால் மண்டைக்குள் மெல்ல இரத்தம் கசிந்திருக்கக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால் இன்னும் கவனம். அவர் போக வேண்டிய இடம் குழு அல்ல. அன்றைக்கே மந்திகை ஆதார வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். அல்ஸைமர் போல ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகிற நோய்களுக்கு வேறு ஒழுங்கு வேண்டும். இந்தக் குழுவில் அவர்களைச் சேர்த்தால் இரு தரப்புக்கும் சுமை.

அடுத்தது, மறந்ததையே மறந்தவர்கள். "எனக்கொண்டும் இல்லை, மனுசிதான் கத்திக்கொண்டு நிக்கிறா" என்பார் ஒருவர். மனைவியைத் தனியே கேட்டால் காஸ் அடுப்பு எரிந்தபடி கிடந்த கதை வரும். ஆகவே கேள்விகளை இருவரிடமும் தனித்தனியே கேட்டு, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அவரைக் குழுவில் கட்டாயம் சேருங்கள். மனைவி சொல்லி ஏறாதது, தன்னைப்போல் தலையில் அடிபட்ட இன்னொருவர் "எனக்கும் அப்பிடித்தான் அண்ணை" என்று சொல்லும்போது ஏறும். தனித்தனியே பார்க்கிற சிகிச்சையில் கிடைக்காதது இதுதான்.

ஆறு பேர் போதும், எட்டுக்கு மேல் வேண்டாம். மழையும் கிளினிக்கும் செத்தவீடும் இரண்டு பேரை எப்படியும் பிடித்துக்கொள்ளும். நடத்துநர் இருவர் வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் யார் பின்தங்குகிறார் என்று பார்க்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மனமுவந்து வருவார்கள், அவர்களை வரவேற்கலாம். ஆனால் கண்காணிக்க ஆளில்லாவிட்டால் மூன்றாம் கிழமைக்குள் அது ரியூசன் வகுப்பாகிவிடும்.

இடம், நாள், பெயர்

சனசமூக நிலைய மண்டபம் நல்லது. பஸ் நிற்கிற இடத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். படியேறத் தேவையில்லாததாக, மலசலகூடம் உள்ளதாக இருக்க வேண்டும். காலை ஒன்பதரை மணி பொருத்தம், பின்னேரத்தில் களைப்பு மறதியைப் பெருக்கும். கிளினிக் நாளையும் வெள்ளிக்கிழமையையும் தவிருங்கள். பத்துக் கிழமையைக் கணக்குப் போடும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். ஆவணியில் செல்வச்சந்நிதித் திருவிழா, புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் திருவிழா, அந்த நாட்களில் குழு வைத்தால் கதிரைகள்தான் இருக்கும். ஒருமுறை குறித்த நாளை மாற்றாதீர்கள். அதே மண்டபம், அதே நேரம், அதே கதிரை. நாள் மாறினால் ஞாபகம் உள்ளவர்களே தவறவிடுகிறார்கள்.

வாசலில் "மறதி நோயாளர் குழு" என்று பதாகை கட்டினால் முதல் நாளே குழு முடிந்தது. வீட்டில் கலியாணத்துக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தால் தகப்பனின் மூளை வருத்தம் ஊருக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைத் திருத்துவது இந்த அத்தியாயத்தின் வேலை அல்ல. "கொப்பிக் குழு" என்று பெயர் வையுங்கள். உள்ளே கேட்டது வெளியே போகக்கூடாது என்பதை முதல் அமர்விலும், பிறகு ஒவ்வோர் அமர்விலும் சொல்லுங்கள். முந்தின தடவை சொன்னது அவர்களுக்கு ஞாபகமிராது என்பதையும் மனதில் வையுங்கள்.

"சொல்லுங்கோ பாப்பம்"

பாரிசவாதம் வந்தவரைப் பார்க்க வருகிற உறவினர் எல்லோரும் ஒரே விளையாட்டைத்தான் விளையாடுவார்கள். "ஐயா, இவ ஆர் சொல்லுங்கோ பாப்பம்?" அவர் தடுமாறி "பெரியக்கான்ரை மகளோ?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பிழையான விடை. இந்த விளையாட்டை நிறுத்துவதுதான் நடத்துநர் வீட்டாருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

ஏன் என்று விளங்க ஒரு பழைய கதை உதவும். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக மூளையின் இரு பக்கத்திலும் உட்பகுதியில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு அவருக்குப் புதிய நிகழ்வு எதுவும் மனதில் தங்கவில்லை. மொன்றியலிலிருந்து வந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை ஒரு கண்ணாடியைப் பார்த்தபடி நட்சத்திரம் வரைய வைத்தார். ஒவ்வொரு நாளும் அவர் அதை முதல் தடவை பார்ப்பதாகவே நினைத்தார். ஆனால் கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது. 2008இல் அவர் இறக்கும்வரை பல ஆய்வுகள் இதையே உறுதிப்படுத்தின. நடந்ததை நினைவில் வைக்கிற வழி அடைபட்டாலும், திரும்பத் திரும்பச் செய்து பழகுகிற வழி திறந்தே இருக்கிறது. எங்கள் வேலை முழுவதும் இந்த இரண்டாவது வழியில்தான் நடக்கிறது.

ஆனால் அந்த வழிக்கு ஒரு குறை உண்டு. சரி எது, பிழை எது என்று அதற்குத் தெரியாது. ஞாபகம் உள்ளவர் "நேற்றுப் பிழையாகச் சொன்னேன்" என்று திருத்திக்கொள்வார். ஞாபகம் இல்லாதவரிடம் பிழையும் பழக்கமாகி ஊறிவிடும். உளவியலாளர்கள் அலன் படேலியும் பார்பரா வில்சனும் 1994இல் இதைப் பரிசோதித்துக் காட்டினார்கள். கடுமையான மறதி உள்ளவர்கள் ஊகிக்க விடப்படாமல் கற்றபோது நன்றாகக் கற்றார்கள். ஆகவே விடையை முதலில் கொடுங்கள். "ஐயா, இவ உங்கடை தங்கச்சியின்ரை மகள்" என்று பெயரையும் சேர்த்துச் சொல்லி, உடனே அவரைச் சொல்ல வையுங்கள். பிறகு துணையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

இதோடு இடைவெளியையும் சேருங்கள். வீட்டுத் திறப்பு சாமியறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் என்று ஒருவருக்குப் பழக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சொல்லிவிட்டு உடனே கேளுங்கள். பிறகு அரை நிமிடத்தில், ஒரு நிமிடத்தில், இரண்டில், நாலில், எட்டில். இடையில் வேறு கதை கதைக்கலாம். பிழை வந்தால் விவாதம் வேண்டாம். சரியானதைச் சொல்லி, சொல்ல வைத்து, கடைசியாகச் சரிவந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். லாண்டவரும் பியோர்க்கும் 1978இல் விவரித்த முறை இது. பிறகு கமரோன் காம்ப் இதை அல்ஸைமர் உள்ளவர்களிடம் கொண்டு போனார். செலவு ஒரு சதமும் இல்லை, பொறுமைதான் போகும்.

பல படிகள் உள்ள வேலைகளுக்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு உத்தி இருக்கிறது. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கத்தை எடுத்துக் கொடுக்கும், ஓதுகிறவர் அடுத்தது எது என்று தேட வேண்டியதில்லை. தண்ணி மோட்டரைப் போடுதலையும் அப்படிக் கட்டலாம். சுவிச்சைப் போட்ட கை அப்படியே பக்கத்தில் தொங்கும் சிவப்புத் துணியை எடுத்துத் தோளில் போடும். தோளில் துணி இருக்கும்வரை மோட்டர் ஓடுகிறது. நிறுத்தினால்தான் துணி ஆணிக்குத் திரும்பும்.

கொப்பி

குழுவின் இரண்டாம் அமர்விலிருந்து கடைசி வரை நடப்பது கொப்பி வேலைதான். மற்றதெல்லாம் ஓரம். பெரிய சீ.ஆர். கொப்பி வேண்டாம், அது வீட்டு மேசையில் கிடந்துவிடும். சேர்ட் பொக்கற்றுக்குள்ளோ கைப்பைக்குள்ளோ போகிற அளவு போதும். பேனையை நூலால் கட்டுங்கள். நாலு பகுதி: இன்று செய்ய வேண்டியது, இன்று நடந்தது, ஆட்கள், என்னைப் பற்றி. கடைசிப் பகுதியில் நோயின் பெயர், குளிசைகள், ஒவ்வாமை, வீட்டாரின் தொலைபேசி எண். வலிப்பு வந்து தெருவில் விழுந்தாலும் எடுத்துப் படிக்கிறவருக்கு அது உதவும்.

மக்கே சோல்பெர்க்கும் கதரின் மட்டீரும் 1989இல் கொப்பிப் பயிற்சியை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் கொப்பியில் எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பிறகு அறைக்குள் பாசாங்காக எழுதிப் பழக வேண்டும். அதன் பிறகே வெளியே கொண்டு போகலாம். பலர் முதல் நாளே கொப்பியைக் கொடுத்து "எழுதுங்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த கிழமை கொப்பி வெறுமையாக வரும், நடத்துநருக்குக் கோபம் வரும். எழுத வேண்டும் என்பதையே கொப்பி வாங்கியவர் மறந்துவிட்டார், இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

அதனால் கொப்பியைத் திறப்பதை ஏற்கெனவே ஊறிய பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள். காலைத் தேத்தண்ணி, மத்தியானச் சாப்பாடு, பின்னேர விளக்கு. "தேத்தண்ணிக் கோப்பையை வைத்ததும் கொப்பியைத் திறப்பேன்" என்று அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், குழுவுக்குள் கோப்பையை வைத்து உண்மையாகவே செய்து பார்க்க வேண்டும். அதுவும் போதாதவருக்கு அலாரம். கலிபோர்னியாவில் லாரி ட்ரெட்கோல்ட் என்ற பொறியியலாளர், தலையில் அடிபட்ட தன் மகனுக்காக நீல் ஹெர்ஷ் என்ற உளவியலாளரோடு சேர்ந்து பேஜருக்கு நினைவூட்டல் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். பார்பரா வில்சன் அதை இங்கிலாந்தில் 143 பேரிடம் பரிசோதித்து 2001இல் வெளியிட்டார். பரிசோதனையை முடித்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் தங்கள் அன்றாட வேலைகளைத் தெளிவாகக் கூடுதலாகச் செய்து முடித்தார்கள். பேஜர் போய்விட்டது, இப்போது போன் எல்லார் கையிலும் இருக்கிறது. அலாரம் வெறுமனே அடித்தால் "இது ஏன் அடிக்குது?" என்று நிறுத்திவிட்டுப் படுப்பார். என்ன செய்ய வேண்டும் என்ற சொல் திரையில் வர வேண்டும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற மகளின் குரலிலேயே "அப்பா, எட்டு மணிக் குளிசை" என்று பதிந்து வைத்தால் இன்னும் நல்லது. தூரத்திலிருந்து கவலைப்படுகிற பிள்ளைக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

அரச கிளினிக்கில் குளிசைகளைச் சின்னச் சின்னக் கடதாசி உறைகளில் போட்டுத் தருவார்கள். ஒரு மாதத்துக்கு ஏழெட்டு உறை. போட்டாயிற்றா இல்லையா என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாள் நாளாக, வேளை வேளையாக அறை பிரித்த பெட்டி ஒன்றை ஒவ்வொருவரும் வாங்கட்டும். அறை வெறுமையாக இருந்தால் குளிசை போட்டாயிற்று. ஞாயிறு காலை நிரப்புவது நோயாளியின் கை, பார்ப்பது வீட்டாரின் கண்.

சந்தைக்குப் போகிற கிழமை

ஏழாம் அமர்வை மண்டபத்துக்குள் நடத்தாதீர்கள். இருவர் இருவராகச் சந்தைக்கு அனுப்புங்கள். போன் தெரிந்த இளையவரோடு, விலை பேசத் தெரிந்த மூத்தவர். இளையவர் "ஐயா" என்று வாயடைத்து நிற்பது மண்டபத்துக்குள்தான், சந்தைக்குள் தானாகவே பேச்சு வரும். சாமான் நாலு போதும்: கத்தரிக்காய், பச்சைமிளகாய், தேங்காய், ஒரு கட்டு கீரை. துண்டில் எழுதும் ஒழுங்கு சந்தையில் நடக்கிற ஒழுங்காக இருக்கட்டும். வாங்கியதும் அதன் பெயரைத் துண்டில் அந்த இடத்திலேயே வெட்டிவிட வேண்டும், பிறகு வெட்டலாம் என்றால் இரண்டு கட்டு கீரை வரும். காசைத் தனிப் பையில் எண்ணி வைத்து, கொடுத்ததையும் மிச்சத்தையும் எழுத வேண்டும். நடத்துநர் பத்தடி பின்னால் போகலாம், வாய் திறக்கக்கூடாது. தெரிந்தவர் யாராவது மறித்துக் கதை கொடுப்பார்கள், நெல்லியடியில் அதற்குக் குறைவில்லை. கதை முடிந்ததும் "எங்கே விட்டேன்?" என்று துண்டைப் பார்க்கிறாரா, அல்லது வீட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறாரா? அன்றைக்கு நீங்கள் குறிப்பெடுக்க வேண்டியது அந்த ஒரு கணத்தைத்தான். மறதியைவிடக் குறுக்கீடுதான் ஆட்களை விழுத்துகிறது.

பழங்கதை

வயதானவர்களைக் கதைக்க வைக்க "சின்ன வயதில் நடந்ததைச் சொல்லுங்கோ" என்று தொடங்குவது பல கையேடுகளில் இருக்கிறது. வடமராட்சியில் அதைச் செய்யாதீர்கள். 1987 மே, ஜூனில் நடந்த இராணுவ நடவடிக்கை, 1995 இடப்பெயர்வு, 2009இன் இறுதி யுத்தம், இவற்றில் ஒன்றாவது அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும். காணாமல் போன பிள்ளையின் தாயும் அங்கே இருக்கலாம். அந்தக் கதைகளுக்கு உரிய இடமும் ஆளும் வேறு, மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் அதற்காகவே உழைத்திருக்கிறார்கள். துயரமும் பயக்கனவும் கவனத்தைத் தின்றுவிடும், அதுவும் மறதி போலவே தெரியும். அப்படித் தோன்றினால் மனநல கிளினிக்குக்குக் கடிதம் கொடுங்கள். குழுவைத் தொடங்கப் பழங்கதை தேவையில்லை, "நேற்று மத்தியானம் என்ன கறி?" போதும். கொப்பியைத் திறக்க அது ஒரு காரணமும் ஆகும்.

இன்னொன்றையும் வீட்டாருக்கு விளக்க வேண்டி வரும். "அவர் தேவாரம் பிசகாமல் சொல்லுறார், மறதி எண்டு நீங்கள் சொல்லுறியள்!" ஆறு வயதில் பதிந்ததும் இன்று காலை கேட்டதும் ஒரே வழியால் வருவதில்லை. பழையது நிற்கும், புதியது நழுவும். அவர் நடிக்கவில்லை.

வீட்டாரை ஐந்தாம் அமர்வுக்கும் ஒன்பதாம் அமர்வுக்கும் அழையுங்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். "இப்பதானே சொன்னனான்!" என்ற வாக்கியத்தை வீட்டில் நிறுத்துங்கள், அதற்குப் பதில் "கொப்பியைப் பாருங்கோ" என்று சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவு மூச்சுத்தான். அன்பினால் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுகிற மனைவிமாரிடம் இது கோபக்காரர்களைவிடப் பிந்தித்தான் போய்ச் சேரும்.

பத்தாம் அமர்வுக்குப் பிறகு

கடைசி நாளில் ஒவ்வொருவரும் முதல் கிழமை எழுதிய இலக்கை எடுத்து வாசிக்கட்டும். எட்டியவை, பாதி எட்டியவை, எட்டாதவை என்று பிரித்து, எட்டாதவற்றுக்கு மறதிதான் காரணமா, இலக்குப் பெரிதா, வீட்டில் யாரும் இடம் விடவில்லையா என்று பாருங்கள். வைத்தியருக்கு ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும்: எந்த உத்தி பிடித்தது, எது பிடிக்கவில்லை, மோட்டார் சைக்கிள் ஓடலாமா என்று அவர் தீர்மானிக்க வேண்டிய ஆள் யார். பிறகு மாதம் ஒரு சந்திப்பு. மூன்றாம் மாதச் சந்திப்பில் ஞாபகத்தைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். பழைய கொப்பி முடிந்துவிட்டதா, புதியதை யார் வாங்கினார் என்று கேளுங்கள். மனைவி வாங்கியிருந்தால் அந்த மனைவியோடு இன்னும் இரண்டு அமர்வு தனியாக இருக்க வேண்டும்.